நாற்காலி போயிருக்கிறது

கூட்ட அறையில் நாற்காலிகள் போதாது என்பதால், மேலாளர் சபேசன் சார் கூட்டத்துக்குக் கூப்பிடும்போதெல்லாம் பெனிட்டா தன் நாற்காலியையும் உருட்டிக்கொண்டு போக வேண்டும். அவள் வரைந்துகொண்டிருந்த பள்ளிக்கூடத்தின் மாடிப்படி, கூட்டங்களால் இந்த வாரம் முழுக்கப் பாதியிலேயே நின்றது. இன்றும் முடியாவிட்டால் வரைபடம் வேறொருவர் கைக்குப் போய்விடும். அதனால் நாற்காலியை மட்டும் அனுப்பினாள். அதன் முதுகில் தன் துப்பட்டாவைப் போர்த்தி, அறைக்குள் தள்ளிவிட்டுத் திரும்பி வந்து, மேசையருகே நின்றபடி வரைந்தாள். செய்தது சரிதானா என்று அவ்வப்போது கை நின்றது. ஆனால் யாரும் அவளைத் தேடவில்லை.

சாயங்காலம் எல்லோரும் கொட்டாவி விட்டபடி வெளியே வந்தார்கள்.

"இன்னிக்குத்தாம்மா நீ குறுக்க பேசாம கேட்ட," என்றார் சபேசன் சார். "புதுசா ரெண்டு வேலை குடுத்தேன், முகம்கூடச் சுளிக்கல. நாளைக்கும் இப்படியே வந்து உக்காரு."

"சரி சார்."

உள்ளே நாற்காலி தனியாக இருந்தது. துப்பட்டா ஒரு பக்கம் சரிந்திருந்தது. முதுகு லேசாக முன்னால் வளைந்திருந்தது. காலையில் அப்படி இல்லை. பெனிட்டா அதை மெதுவாக உருட்டி வந்து மேசையருகே விட்டாள். அவளுக்குக் கால் கடுத்தது. மேல்படிகள் சில இன்னும் பாக்கி. உட்காரப் போனவள் நின்றுவிட்டாள். நாளெல்லாம் கூட்டத்தில் இருந்துவிட்டு வந்ததன் மேல் எப்படி உட்காருவது? துப்பட்டாவைச் சரியாக இழுத்துப் போர்த்திவிட்டு, மீதிப் படிகளையும் நின்றபடியே வரைந்தாள்.