கிக்கின் வால்

இன்று மாலை இசையமைப்பு வகுப்பில் ஜெர்ரி மாஸ்டர் என் பாட்டைக் கேட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"கிக் டிரம், அதான் அந்த 'தும்' அடி, ரொம்ப நீளம்மா, தேன்மொழி. வேகத்தைக் கூட்டினா ஒரு அடியோட வால் அடுத்த அடி மேல ஏறி வெறும் உறுமலாயிடும். நறுக்கு."

நறுக்கிப் பார்த்தேன். எவ்வளவு முடுக்கினாலும் ஒவ்வொரு அடியும் சுத்தமாக விழுந்தது. மாஸ்டர் சொன்னது சரிதான்.

இந்தப் பாட்டு அடுத்த மாதம் அக்காவின் பனியன் கம்பெனிக்குப் போகிறது. அங்கே பாட்டின் அடிக்குத்தான் தையல் மெஷின்கள் ஓடும். வீட்டுக்கு வந்தால் அக்கா மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தாள்.

"இந்த மாசப் பாட்டு முடுக்க முடுக்க அழகா ஓடுதுடி. சூப்பர்வைசருக்குக் கொண்டாட்டம். எங்க கைதான் போச்சு."

"முடுக்கினா உறுமுற பாட்டா இருந்தா?"

"மெஷினுக்கு அடி புரியாம நின்னுடும். பழைய வேகத்துக்கே இறக்கிடுவாங்க. அப்படி ஒண்ணு பண்ணு, உனக்குக் கோயிலே கட்டறேன்!"

கம்பெனியில் சாதாரண வேகத்தில் கேட்டுத்தான் பாட்டை எடுப்பார்கள். எந்த வேகத்தில் வால் எவ்வளவு நீண்டால் இடிக்கும் என்று கணக்குப் போட்டேன்; எனக்கே நம்பிக்கை வராமல் மறுபடியும் போட்டுப் பார்த்தேன். பிறகு, அக்காவின் கை தாங்கும் வேகத்தைத் தாண்டினால் அடுத்த அடியில் இடிக்கும்படி கிக்கின் வாலை நீட்டினேன்.

மதிப்பெண் குறையும். ஏன் நறுக்கவில்லை என்று மாஸ்டர் நாளை கேட்பார். அளந்துதான் வைத்தேன் என்று சொல்லிவிடுவேன்.