பதினேழாம் எண்

அறிக்கையின் பிரிண்டை எடுத்து வரச் சொன்னால், கையில் ஒரு கப் டீயோடு வந்து நின்றாள் அந்த ஆய்வாளர்.

துறைத் தலைவருக்குச் சுர்ரென்று ஏறியது. காலையிலிருந்தே மல்லுக்கு நிற்கிறாள், இப்போது இது வேறு. "பிரிண்ட் எங்கம்மா?" என்றார்.

அவள் டீயைப் பார்த்தாள். அப்புறம் அவரைப் பார்த்தாள். "கொண்டு வந்தாலும் கையெழுத்துப் போட மாட்டேன் சார்."

"அதுக்காக எடுத்துட்டே வர மாட்டியா? நல்லா இருக்கு உன் அழிச்சாட்டியம்!"

அவரே எழுந்துபோய் எடுத்து வந்து மேசையில் தொப்பென்று போட்டார். சின்னப் பிள்ளைகளைத் தலைக்கவசம் இல்லாமல் குத்துச்சண்டை போட விடலாமா என்று குத்துச்சண்டைச் சங்கம் நாளைக்கு முடிவெடுக்கிறது. அதற்காகப் பழைய குத்துச்சண்டைக்காரர்களின் மூளையையும், சண்டை வாசனையே அறியாதவர்களின் மூளையையும் ஸ்கேன் எடுத்து ஒப்பிட்ட அறிக்கை அது. ஞாபகத்தைக் காக்கும் பகுதி இரு தரப்புக்கும் ஒரே அளவு, ஆகவே அடியால் கெடுதல் இல்லை என்று முடித்திருந்தார். இருவரும் கையெழுத்திட்டால்தான் செல்லும்.

"ரெண்டும் சமம்னு மெஷினே சொல்லுது. உனக்கு எங்க வலிக்குது?"

"தலை அளவைக் கணக்குல சேர்க்கல சார். சண்டை போட்டவங்க எல்லாம் ஆள் பெரிசு, மண்டையும் பெரிசு. அப்போ உள்ள இருக்கிற அந்தப் பகுதியும் பெரிசா இருக்கணும்ல? யானைக்கு ஆட்டுக் காது அளவுல காது இருந்தா, ரெண்டும் சமம்னு சந்தோஷப்படுவீங்களா? யானைக்கு என்னமோ ஆயிருச்சுன்னு பதற மாட்டீங்க?"

அவருக்குச் சுருக்கென்று தைத்தது. தைத்ததைக் காட்டிக்கொண்டால் தலைவர் பதவி எதற்கு? "பெரிய மண்டையைப் பத்தி நீ பேசாதே. உன் தலைக்கு ஒரு கடையிலயும் ஹெல்மெட் கிடைக்க மாட்டேங்குது" என்று சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. "தலை அளவைச் சேர்த்து நானே கணக்குப் போட்டுட்டேன் சார். அடி வாங்கினவங்களுக்குத்தான் குறையுது. நல்லாவே குறையுது."

"கடைசி நேரத்துல கணக்கை மாத்தினா சங்கத்துக்காரங்க முகத்துல எப்படி முழிக்கிறது? ரிங் பக்கம் எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டே, குத்துச்சண்டைமேல உனக்கு என்ன அப்படி ஒரு கோபம்?"

அவள் தன் கோணல் மூக்கைத் தடவிக்கொண்டாள். "கோபம் இல்ல சார். எனக்கு அது உசுரு."

"அப்போ கையெழுத்துப் போடு. இல்லேன்னா நாளையிலிருந்து இந்தப் பக்கம் வராதே."

"வரல. ஆனா நாளைக்குச் சங்கத்து வாசல்ல நின்னு, இந்தக் கணக்கு தப்புன்னு கத்துவேன். அந்தப் பிள்ளைங்க தலைக்கு நீங்க பொறுப்பேற்க மாட்டீங்க. நான் ஏத்துக்கறேன்."

இவ்வளவு திமிரை அவர் எங்கும் பார்த்ததில்லை. கணினித் திரையை அவள் பக்கம் வெடுக்கென்று திருப்பினார். ஸ்கேன் எடுத்தவர்களின் பெயர்கள் அவருக்கே தெரியாது, வெறும் எண்கள்தான்.

"இதைப் பாரு. பதினேழாம் எண். பத்து வருஷம் ரிங்ல அடி வாங்கின தலை. அந்தப் பகுதி சராசரியைவிட ஒரு பொட்டு பெரிசாவே இருக்கு. இந்த ஆளுக்கு அப்படி என்ன குறைஞ்சு போச்சு? சொல்லு பார்க்கலாம்!"

அவள் கண் கலங்கியது. குரல் மட்டும் கலங்கவில்லை. கையிலேயே ஆறிப்போன டீயை அறிக்கையின் மேலேயே வைத்தாள்.

"அந்த ஆளைப் பிரிண்ட் எடுக்க அனுப்பினா, எதுக்குப் போனோம்னு மறந்துட்டு டீயோட வந்து நிப்பா சார்."