நீலம் பூசிய நாற்காலி

எஸ்தர் இறந்தபின் வைத்த ஓவியக் கண்காட்சியில், கோமளாவை உட்காரவைத்து அவள் வரைந்த படமும் இருந்தது. அதில் இப்போது, தள்ளி நின்று பார்க்க, நாற்காலி மட்டுமே தெரிந்தது. கோமளாவின் மேல் நீலம் பூசப்பட்டிருந்தது.

“எஸ்தரக்காவோட அண்ணன் வேலைதான்க்கா. நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து வாழ்ந்ததையே அழிக்கப் பாக்குறாரு. நீங்க பத்திரிகையில எழுதுங்க, நாங்க தெருவுல இறங்கிருவோம்” என்றாள் இயக்கத்துத் தோழி ரெஜினா.

எஸ்தருடனான காதலை மேடைதோறும் பேசிய கோமளா, ஓவிய விமர்சகருக்கே உரிய கண்ணோடு படத்தருகே குனிந்தாள். நீலத்தைப் பூசியது தூரிகை அல்ல, கட்டைவிரல். ஒவ்வொரு இழுப்பின் நடுவிலும் எஸ்தருடைய கட்டைவிரலில் இருந்த தழும்பின் கோடு ஓடியது.

“அவர்தானேக்கா?”

“தெரியலம்மா.”

நீலத்துக்குள் தன் முகத்தைத் தேடினாள். நாற்காலியின் கைப்பிடியில் கோமளாவின் விரல்களை மட்டும் எஸ்தர் மூடாமல் விட்டிருந்தாள்.