எல்சிக்கு ஒரு மெழுகுவத்தி

"டியூக் போனதுலேருந்து ஒரு வாய் டீ கூட இறங்கலை" என்று சொல்லி மூக்கைச் சிந்தினாள் டாஃப்னி. சர்ச் கூடத்தில் இருந்த அத்தனை பேரும் உச்சுக் கொட்டினார்கள். டியூக் என்பது அவள் வளர்த்த பழுப்பு எலி.

ஹாலிஃபாக்ஸ் நகர எலி வளர்ப்போர் சங்கத்தின் வருடாந்திர நினைவுக் கூட்டம் அது. ஒவ்வொருவராக எழுந்து ஒரு மெழுகுவத்தி ஏற்றி, போய்விட்ட செல்லத்தைப் பற்றி நாலு வார்த்தை பேச வேண்டும். 'அது செத்துடுச்சு' என்று வாய் தவறிச் சொன்னால் கூடமே முறைக்கும். 'அவன் போயிட்டான்', 'அவ போயிட்டா' என்பதுதான் அங்கே மரியாதை.

செயலாளர் மியூரியலின் கண் மட்டும் மெழுகுவத்தியில் இல்லை. கடைசி வரிசையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த புதுக் கிழவர் மேல் இருந்தது. வாசலில் கேட்டபோது பெயர் வில்ஃபிரெட் என்று மட்டும் சொல்லியிருந்தார்.

போன வருடம் இப்படித்தான் ஒருவன் புதுமுகமாக வந்து கண்ணைக் கசக்கிவிட்டுப் போனான். மறுநாள் பத்திரிகையில் 'எலிக்கு ஒப்பாரி' என்று எழுதி ஊரையே சிரிக்க வைத்துவிட்டான். பாதிப் பேர் அதோடு வருவதை நிறுத்திக்கொண்டார்கள்.

இன்னொரு தடவை அப்படி நடந்தால் சங்கத்தை இழுத்து மூட வேண்டியதுதான். மியூரியலுக்கு இந்தக் கூடத்தை விட்டால் வாய்விட்டு அழ வேறு இடமில்லை.

அதனால்தான் கிழவர் போட்டிருந்த கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எலி வளர்க்கிறவர்களின் உடுப்பில் ஓட்டை இல்லாமல் இருக்காது. காலர், கைமுனை, பொத்தான் என்று எதையாவது கொறித்து வைத்திருக்கும். கிழவரின் கோட்டு பழசுதான், ஆனால் முழுசாக இருந்தது.

அவர் முறை வந்தது. மெழுகுவத்தியை ஏற்றிவிட்டுத் திரும்பினார்.

"எல்சி" என்றார். "பச்சைப் பட்டாணின்னா உசிரு அவளுக்கு. மிட்டாயைத் தலகாணிக்கு அடியில ஒளிச்சு வெச்சுட்டு அப்புறம் மறந்துடுவா. குளிர்ல வெளிய போனா என் கோட்டுப் பையிலதான் கையை விட்டுக்குவா."

ஆளாளுக்குத் தலையாட்டினார்கள். பட்டாணியும் பதுக்கலும் அவரவர் வீட்டிலும் நடப்பதுதான்.

"கடைசியில மூச்சு வாங்க ஆரம்பிச்சுது. அப்புறம் கால் ரெண்டும் விழுந்துடுச்சு. தூக்கி வெச்சு, துடைச்சு விட்டு, கரண்டியில ஊட்டினேன். ஒரு நாள் சாயந்திரம் என் கைமேலயே கன்னத்தை வெச்சுக்கிட்டுப் போயிட்டா."

"எங்க பிஸ்கட்டுக்கும் இதேதான். முதல்ல மூச்சு, அப்புறம் காலு" என்று டாஃப்னி மறுபடி அழத் தொடங்கினாள்.

மியூரியல் அசரவில்லை. வயசான எலிக்கு என்ன வரும் என்பதை யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருக்கலாம். எழுந்து நின்று கேட்டாள்.

"எல்சிக்குத் துணைக்கு யாரு இருந்தா?"

எலியை ஒற்றையாக வளர்க்கவே மாட்டார்கள். தனியாக விட்டால் ஏங்கியே போய்விடும் என்பது அங்கே குழந்தைக்கும் தெரியும். எலிக்காரரிடம் ஒரு பெயரைக் கேட்டால் இரண்டு பெயராகத்தான் வரும்.

கிழவர் கொஞ்சம் யோசித்தார். "நான்தான்" என்றார். "வேற யாரும் இல்லை."

கூடம் உருகிப்போயிற்று. மியூரியலுக்கோ கொஞ்சநஞ்ச சந்தேகமும் போய், ஆள் போலி என்பது உறுதியாகிவிட்டது.

எல்லோரும் டீயும் கேக்குமாக நின்றபோது அவரைக் கதவோரம் மடக்கினாள்.

"எந்தப் பத்திரிகை?"

"என்னது?"

"நடிக்காதீங்க. நீங்க எங்க ஆளு இல்லை. எங்களைக் கேலி பண்ணி எழுதத்தானே வந்தீங்க?"

"எழுதறதா? பஸ் ஓட்டிட்டு இருந்தவன் நான். கையெழுத்துப் போடறதோட சரி." கிழவர் தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டே நின்றார். "போனவங்களுக்கு நினைவுக் கூட்டம், இங்க அழுதா யாரும் சிரிக்க மாட்டாங்கன்னு வெளிய எழுதி ஒட்டியிருந்தீங்க. அதைப் பார்த்துட்டுத்தான் உள்ள வந்தேன்."

"ஏன், வீட்டுல அழ முடியாதா?"

"எல்சி பேரை எடுத்தாலே மகன் எழுந்து போயிடறான். 'ஆறு மாசம் ஆச்சு, இன்னுமாப்பா?'ங்கறான். மருமக, 'பேசாம வேற ஒருத்தியக் கூட்டிட்டு வந்துடுங்க, எல்லாம் சரியாயிடும்'ங்கறா."

மியூரியலின் கோபம் அப்படியே வடிந்துவிட்டது. அவளுடைய எலி மார்மலேட் போய்ச் சேர்ந்த வாரமே அவள் தங்கை இதைத்தான் சொன்னாள், இதே வார்த்தையில். பத்திரிகைக்காரனுக்கு இதைக் கற்பனை செய்ய வராது. ஓர் எலிக்காரரைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"உலகம் இப்படித்தாங்க. மனுஷங்க செத்தா மட்டும் எத்தனை வருஷம் வேணாலும் அழுதுக்கலாம், யாரும் போதும்னு சொல்ல மாட்டாங்க. எலின்னா எல்லாருக்கும் இளக்காரம்."

கிழவர் அவளை ஒருமாதிரியாகப் பார்த்தார்.

"எல்சி எலி இல்லீங்க. என் பொண்டாட்டி."