பதினாலாவது கேள்வி

நர்சிங் கவுன்சில் ஆபீஸ்ல விண்ணப்பம் வாங்கற அந்தக் கவுண்டர்காரர் எதையோ எதிர்பார்த்துத்தான் இழுத்தடிக்கிறார்னு நான் சத்தியமே பண்ணியிருப்பேன்.

என் பொண்ணு நர்சிங் முடிச்சுட்டா. ஆஸ்பத்திரியில வேலையும் தயார். கவுன்சில்ல பேரைப் பதிவு பண்ணி, அந்த நம்பரோட மாசக் கடைசிக்குள்ள வந்தா சேர்த்துக்கறோம்னு சொல்லிட்டாங்க. நாலு வருஷம் கண்ணு முழிச்சுப் படிச்ச படிப்பு, ஒரு விண்ணப்பத்துல வந்து நின்னுச்சு.

அதுல இருபது கேள்வி. பதினாலாவதுதான் வில்லங்கம். 'உங்கள் மீது எப்போதாவது காவல் நிலையத்தில் வழக்குப் பதிவாகியிருக்கிறதா?'

ஆகியிருக்கு. எதிர்வீட்டு அக்கா எங்க வாசலை மறிச்சு வண்டியை நிறுத்தினதுல ஆரம்பிச்ச சண்டை. அப்ப இவளுக்குப் பதினெட்டு வயசு, மூக்குக்கு மேல கோபம். கையில கிடைச்ச பூந்தொட்டியைத் தூக்கி வீசிட்டா. அக்கா நெத்தியில மூணு தையல். அவங்க வீட்டுக்காரர் நேரா ஸ்டேஷனுக்குப் போயிட்டார்.

ரெண்டே நாள்ல இவளுக்கு மனசு கேக்கல. தினமும் எதிர்வீட்டுக்குப் போய்க் கட்டு மாத்திவிட ஆரம்பிச்சா. நர்ஸ் ஆகணுங்கற ஆசையே அங்கதான் வந்துச்சு. அக்காவே கோர்ட்டுக்கு வந்து சமாதானமாப் போறோம்னு சொல்லிட்டாங்க, கேஸ் முடிஞ்சுது. இன்னிக்கு எங்க வீட்டுல டீ போட்டா முதல் ஆளா வர்றது அவங்கதான்.

முடிஞ்சு போனதை எதுக்குக் கிளறணும், 'இல்லை'ன்னு எழுதுடின்னு நான்தான் சொன்னேன். தயங்கினா. ஒரு முறை முறைச்சேன், எழுதிட்டா.

கவுண்டர்ல இருந்தவர் மூக்கு நுனியில கண்ணாடியை மாட்டிக்கிட்டு ஒவ்வொரு எழுத்தாப் படிச்சார். அப்புறம் கையெழுத்து கட்டத்தை விட்டு வெளிய வந்திருக்குன்னு திருப்பிக் குடுத்துட்டார். அடிச்சுத் திருத்தக் கூடாதாம், புது விண்ணப்பத்துல முதல்ல இருந்து எழுதணுமாம். வீட்டுக்குப் போய் எல்லாக் கேள்வியையும் நிதானமாப் படிச்சுட்டு எழுதும்மான்னு புத்திமதி வேற.

மறுநாள் அதே 'இல்லை'யோட புது விண்ணப்பத்தை எடுத்துட்டுப் போனோம். போட்டோவுல காது சரியாத் தெரியலையாம், வேற போட்டோ ஒட்டி மறுபடியும் முதல்ல இருந்து எழுதணுமாம். இவ காதைப் பார்த்தா வேலை குடுக்கப் போறாங்க? பக்கத்துல நின்ன பொண்ணோட போட்டோவுல பாதி மூஞ்சியே தெரியல. அதை மட்டும் வாயைத் திறக்காம வாங்கி வச்சுக்கிட்டார்.

சரி, விஷயம் புரிஞ்சு போச்சுன்னு ஒரு கவரை மெல்ல உள்ள தள்ளினேன். நிமிர்ந்துகூடப் பார்க்காம, "இதுவும் தப்பு, எடுத்துட்டுப் போங்கம்மா"ன்னார்.

பத்தலை போலிருக்குன்னு நினைச்சுக்கிட்டேன்.

பஸ்ல வீடு வர்ற வரைக்கும் அவரைத் திட்டித் தீர்த்தேன். நேர்மையே இல்லாத ஜென்மம், இதெல்லாம் உருப்படுமான்னு கேட்டேன். பொண்ணு ஜன்னல் பக்கம் திரும்பி உக்காந்திருந்தா.

மூணாவது விண்ணப்பத்தை ரூமைச் சாத்திக்கிட்டு எழுதினா. என்கிட்டக் காட்டவும் இல்ல. கவுண்டர்ல அவர் படிச்சுக்கிட்டே வந்து ஓரிடத்துல நின்னார். எட்டிப் பார்த்தேன். பதினாலாவதுக்கு எதிர்ல 'ஆம்'. கீழ பூந்தொட்டிக் கதை முழுசும் அரைப் பக்கத்துக்கு.

எனக்கு உயிரே போயிடுச்சு.

"என்னடி பண்ணி வச்சிருக்க?"

"ரெண்டு தடவை எழுதிட்டேன்மா. மூணாவது தடவை அந்தப் பொய்யை எழுதக் கை வரல."

அந்தத் தாள்ல ஒரு ஓரமா மை கலைஞ்சிருந்துச்சு. தேதியில ஒரு எழுத்தை அடிச்சு வேற எழுதியிருந்தா. மனுஷர் ஒண்ணுமே சொல்லல. டப்புன்னு முத்திரையைக் குத்தி, கவுன்சிலோட விசாரணைக் குழு முன்னால வரணும், அடிபட்டவங்களையும் கூட்டிட்டு வந்தா நல்லதுன்னு சொல்லிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். நல்லா எழுதின ரெண்டையும் திருப்பிட்டு, அவளைக் கவுக்கிற ஒண்ணை மட்டும் வாங்கிக்கிட்டாரேன்னு வயிறெரிஞ்சு சாபம் விட்டேன்.

அடுத்த வாரம் குழு முன்னால நின்னோம். எதிர்வீட்டு அக்கா முடியை ஒதுக்கித் தழும்பைக் காட்டி, டாக்டர் போட்ட தையலைவிட இவ போட்ட கட்டு சுத்தமா இருந்துச்சுன்னு சாட்சி சொன்னாங்க. குழுத் தலைவரம்மாவுக்கே சிரிப்பு வந்துடுச்சு. கேஸ் முடிஞ்ச தாளைப் படிச்சாங்க, பொண்ணுகிட்ட நாலு கேள்வி கேட்டாங்க, பதிவு பண்ணிக்கலாம்னு கையெழுத்துப் போட்டாங்க.

எனக்கு அங்கேயே அழுகை வந்துடுச்சு. அக்கா என் முதுகைத் தடவிக் குடுத்தாங்க.

"நல்லவேளை, உண்மையை எழுதினியேம்மா"ன்னாங்க தலைவரம்மா. "'இல்லை'ன்னு எழுதின தாள்ல எங்க முத்திரை விழுந்திருந்தா, பூந்தொட்டிக்காக இல்ல, பொய் சொன்னதுக்காக நிறுத்தியிருப்போம். அஞ்சு வருஷம் இந்தப் பக்கமே வர முடியாது."

நான் வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்காம, பொய்னு உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேட்டுட்டேன்.

காலேஜ்ல இருந்து பேர் வந்ததுமே போலீஸ்ல கேட்டு அறிக்கை வாங்கிடுவாங்களாம். அது முதல்ல கவுண்டருக்குத்தான் வருமாம். விண்ணப்பம் போடறவங்ககிட்ட அதைப் பத்தி மூச்சு விடக் கூடாதுங்கறது சட்டமாம். சொல்லிக்கிட்டே ஃபைலை என் பக்கம் திருப்பினாங்க.

என் பொண்ணு பேர்ல ஒரு போலீஸ் அறிக்கை. அடியில, படிச்சுப் பார்த்தேன்னு கவுண்டர்காரர் போட்ட கையெழுத்து. பக்கத்துல தேதி. நாங்க முதல் தடவை அவர் முன்னால போய் நின்னதுக்கு ரெண்டு நாள் முந்தின தேதி.