பொன்னேரி வரைக்கும் டெஸ்ட் டிரைவ்

“வாயத் தொறந்து சொல்லுமே! சீட்டு எப்டி கீது?”

முன் சீட்டிலிருந்து பின்பக்கம் திரும்பி பிரகாஷ் போட்ட கூச்சலில், வண்டி ஓட்டிக்கொண்டிருந்த தமிழ்வாணனுக்கே தூக்கிவாரிப் போட்டது. பின் சீட்டில் இருந்த பிரகாஷின் மனைவி வினோதினி, “நல்லாக் கீது” என்று முனகினாள்.

தமிழ்வாணன் பொன்னேரியில் ஒரு கார் ஷோரூமில் விற்பனையாளன். மாசக் கடைசி. இந்த மாதம் அவன் ஒரு வண்டிகூட விற்கவில்லை.

அன்று காலையிலிருந்து புது ஹைபிரிட் காரைப் பழவேற்காடு பஜாரில் நிறுத்தி நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தான். “ஒரு புக்கிங்காவது கொண்டு வா, இல்லன்னா நாளைலேர்ந்து வராத” என்று மேனேஜர் போனிலேயே காய்ச்சி எடுத்தார். அந்த எரிச்சலில், நடுவே வந்து ஏதோ உதவி கேட்ட ஆளைக்கூட நிமிர்ந்து பார்க்காமல் கையைக் காட்டி விரட்டிவிட்டான்.

போனை வைத்துக் கொஞ்ச நேரத்தில் கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்ததுபோல வந்து நின்றான் பிரகாஷ்.

“வண்டி வாங்கணும். பொன்னேரி வரிக்கும் ஓட்டிக் காட்டு. புடிச்சிருந்தா அங்கியே புக் பண்ணிக்கிறேன். ஆனா எங்க வூட்டுக்காரி உக்காந்து பாத்து சொல்லணும்.”

புருஷனும் பெண்டாட்டியும் ஏரியில் கையால் இறால் தடவிப் பிடிக்கிறவர்கள். வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தார்கள், இடுப்புவரை ஈரமும் சேறுமாக. பிரகாஷ் அவளைத் தோளோடு அணைத்துக் கூட்டிவந்து பதமாக உட்கார வைத்தான். அந்தப் பாசமெல்லாம் கதவைச் சாத்தும்வரைதான் போலிருக்கிறது.

“சார், இது ஃபேமிலிக்குன்னே செஞ்ச வண்டி. பெட்ரோலும் உண்டு, பேட்டரியும் உண்டு. மைலேஜ் பாத்தீங்கன்னா...”

“மைலேஜ் கெடக்குதுய்யா. இதுக்கு மேல வேகம் போவாதா?”

தமிழ்வாணன் அழுத்தினான். வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது.

“இன்னாய்யா இப்டித் தூக்கிப் போடுது? பொம்பளைங்க எப்டி உக்காருவாங்க இதுல?”

“ரோடு அப்படி சார்” என்றான் தமிழ்வாணன், பல்லைக் கடித்துக்கொண்டு. ஒரு புக்கிங்குக்காக எவனெவனிடமெல்லாம் பேச்சு வாங்க வேண்டியிருக்கிறது!

வழியில் மாடுகள் குறுக்கே வந்தன. வண்டி நின்றதும் எஞ்சின் சத்தமும் அடங்கிப்போனது. பிரகாஷ் பதறிப்போய் டேஷ்போர்டை ஓங்கி அடித்தான்.

“அணைஞ்சிருச்சா? இப்பப் போயா அணையணும்!”

“அணையல சார். நின்னா எஞ்சின் தானா அடங்கிடும். பெட்ரோல் மிச்சம். அதுதான் இந்த வண்டியோட ஸ்பெஷலே.”

“போட்ல சத்தம் நின்னா ஆளு காலி. உங்க ஊர்ல அது ஸ்பெஷலா?” என்று எரிந்து விழுந்தவன், எட்டி ஹாரனை விடாமல் அழுத்தினான். மாடுகள் மிரண்டு ஒதுங்கின. உடனே மறுபடி பின்னால் திரும்பினான்.

“ஏமே! கண்ண மூடாத! ஏசி எப்டி கீது?”

“குளுருது...”

“கால் நீட்ட எடம் பத்துதா? சொல்லு! வாயில இன்னா கொழுக்கட்டையா?”

இப்படியும் ஒரு மனுஷனா என்று தமிழ்வாணனுக்குக் கொதித்தது. காலையிலிருந்து தண்ணீரில் குனிந்து கிடந்த உடம்பு, ஏசிக் காற்றில் சொக்குகிறது. அதற்கும் அதட்டலா? தன் அக்காவைக் கட்டிக்கொடுத்த வீட்டில் மாமா போட்ட கூச்சலெல்லாம் அவன் காதில் கேட்டது.

ஆனாலும் பொறுத்துக்கொண்டான். இத்தனை நொட்டை சொன்ன ஆள் விலையை மட்டும் கேட்கவே இல்லை. விலை கேட்காத கிராக்கி வாங்காமல் போகாது என்பது தமிழ்வாணனின் கணக்கு.

பொன்னேரி நெருங்கும்போது வினோதினியின் தலை கண்ணாடிப் பக்கம் சாய்ந்தது. பிரகாஷ் பின்னால் எக்கி, அவள் கன்னத்தில் பளாரென்று ஓர் அறை விட்டான்.

தமிழ்வாணன் பிரேக்கை மிதித்தான். வேலை போனால் போகட்டும்.

“எறங்குய்யா கீழ! பொம்பளைய அடிக்கிறவனுக்கு நான் வண்டி விக்க மாட்டேன்! உன் புக்கிங்கும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்!”

பிரகாஷ் இறங்கவில்லை. இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டான். அதுவரை கத்திய குரல் உடைந்துபோயிருந்தது.

“ஏரில பாம்பு கடிச்சிருச்சு தம்பி. தூங்கவுட்டா போயிருவா. ஆஸ்பத்திரிக்கு வுடு.”

அதன்பிறகு எப்படி ஓட்டினான் என்பது தமிழ்வாணனுக்கே தெரியாது. ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியதும் அவளைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்து உள்ளே கொண்டு ஓடினார்கள்.

ரொம்ப நேரம் கழித்து நர்ஸ் வெளியே வந்தார். “ஊசி போட்டாச்சு, கண்ணு முழிச்சிட்டாங்க. கொஞ்சம் தாமதமாயிருந்தாலும் கஷ்டம்.”

பிரகாஷ் அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தான். தமிழ்வாணனுக்கு உயிர் வந்தது, கூடவே கோபமும் வந்தது.

“உசுரு போற விஷயம்யா! கார் வாங்குறேன்னு எதுக்கு நாடகம் ஆடுன? சொல்லியிருந்தா இன்னும் சீக்கிரமே வந்திருக்கலாமே! நான் என்ன மனுஷன் இல்லையா?”

பிரகாஷ் தலையை நிமிர்த்தி அவனை முறைத்துப் பார்த்தான்.

“பஜார்ல மொதல்ல உங்கிட்டதான்யா வந்து சொன்னேன், நீ போன்ல இருந்த.”