காலிக் கூடை

கூடை காலியாக இருந்தது. மூடியைக் கட்டியிருந்த கயிறு மேசையோரம் தொங்கியது.

"உள்ளே இருந்த பாம்பு எங்கேய்யா?" என்று கத்தினார் கர்னல் டன்னிங்.

லண்டன் ஊர்வன ஆய்வுக் கழகத்தின் ஆட்சிக்குழு உறுப்பினர்கள் எட்டு பேரும் ஒரே நேரத்தில் கால்களை நாற்காலி மேல் தூக்கிக்கொண்டார்கள். தலைவர் சர் ஆம்ப்ரோஸ் மட்டும் கம்பளத்தின் மேல் கால் நீட்டியபடியே இருந்தார். வாதக்கால், பாவம், தூக்க முடியவில்லை என்று எட்டு பேரில் ஒருவரான கேரோபி நினைத்துக்கொண்டார்.

மலாய்ப் பாம்புகளைப் பற்றிப் பத்து வருடம் உழைத்து அவர் எழுதிய புத்தகத்தில் இந்தப் பாம்புக்கு ஒரு முழு அத்தியாயம். கடித்தால் கால் மணி நேரத்தில் சாவு.

"இதற்கு விஷமே கிடையாது" என்று மலாக்காவிலிருந்து கடிதம் எழுதி, பாம்பையும் கூடையில் வைத்துக் கப்பலேற்றியவன் விட்லோ. கழகத்தில் சேர அவன் பெயர்தான் இன்று ஓட்டுக்கு வருகிறது. அவன் உள்ளே வந்தால் கேரோபியின் புத்தகத்தை யாரும் தொடமாட்டார்கள்.

அவனைத் தடுக்க ஒரே ஒரு எதிர் ஓட்டு போதும். அதைப் போடத்தான் கேரோபி காய்ச்சலோடு மூடுபனியில் வந்திருந்தார்.

"கூட்டத்தைத் தள்ளி வைக்கலாமே" என்றார் கர்னல்.

"சட்டத்துல இடமில்லை. கேரோபி, நீங்கதான் இதுல புலி. இந்தக் குளிருக்கு அது எங்கே போய்ப் படுக்கும்?" என்றார் சர் ஆம்ப்ரோஸ்.

"இருட்டா, கதகதப்பா எது கிடைச்சாலும் நுழைஞ்சுக்கும், ஐயா. துணின்னா இன்னும் இஷ்டம். அறுபதாம் பக்கத்துல எழுதியிருக்கேன்." அந்த நடுக்கத்திலும் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

"ரொம்ப நல்லது. ஹாப்ஸ், ஓட்டுப் பெட்டியைக் கொண்டாப்பா."

காலையிலிருந்து கணப்படுப்பின் பக்கத்திலேயே கிடந்த பெட்டியைக் காவலர் ஹாப்ஸ் தூக்கி வந்தார். முன்னால் கை நுழையும் ஓட்டை. உள்ளே பச்சைக் கம்பளித் துணி, ஒரே இருட்டு.

மர உருண்டையை வாயருகே உள்ள முன்னறையில் போட்டால் 'சேர்க்கலாம்'. 'வேண்டாம்' என்றால் முழங்கை வரை கையை விட்டுப் பின்னறையில் போட வேண்டும். ரகசியம் காக்க எல்லாருமே முழங்கை வரை விடுவதுதான் வழக்கம்.

இன்று கர்னல் உருண்டையை ஒரு விரலால் உள்ளே சுண்டிவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார்.

"என்ன கர்னல், கிரிமியாப் போர்ல பீரங்கிக்கு முன்னாடி நின்ன ஆளாச்சே?" என்றார் சர் ஆம்ப்ரோஸ்.

"பீரங்கி கண்ணுக்குத் தெரியும்யா!"

பெட்டி கைமாறிக் கைமாறிக் கேரோபியிடம் வந்தது.

அவர் விரல்களை விட்டார். பிறகு மணிக்கட்டு வரை. உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. இன்னும் ஒரு சாண்தான். பத்து வருடம், பத்து வருடம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கையை நகர்த்தினார்.

புறங்கையில் ஏதோ மெத்தென்று உரசியது.

துணிதான் என்று மனம் சொன்னது. கை கேட்கவில்லை. அவர் வீலென்று அலறிக் கையைப் பிடுங்கியபோது, உருண்டை முன்னறையில் 'டக்'கென்று விழுந்தது.

"எட்டும் முன்னறையில. ஒண்ணுகூட எதிரா இல்லை. விட்லோ நம்ம ஆளாயிட்டான்" என்று சர் ஆம்ப்ரோஸ் அறிவித்தார். அவர் முடிப்பதற்குள் ஏழு பேர் வாசலைத் தாண்டியிருந்தார்கள்.

கேரோபி மட்டும் தரையில் கால் வைக்கப் பயந்து நாற்காலியிலேயே குந்தியிருந்தார். "ஐயா, பாம்பைத் தேட யாரையாவது கூப்பிடுங்களேன்..."

சர் ஆம்ப்ரோஸ் சாவகாசமாக எழுந்து, ஓட்டுப் பெட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவிக் காட்டினார்.

"அது கப்பல்லயே செத்துப்போச்சு, கேரோபி."